ஆப்ஷனில் விட்ட பாடங்கள்

அந்தேரி கிழக்கில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பி.காம். முடித்துவிட்டு வரும் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கும்போது என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். நான் கேட்பது பெரிய கேள்வி எல்லாம் இல்லை. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து பில் தொகை 11,800 ரூபாய், வரி சேர்ப்பதற்கு முன்னால் தொகை எவ்வளவு? கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் 11,800-ல் 18 சதவீதத்தைக் கழித்து 9,676 என்று எழுதித் தருகிறார்கள். 10,000 என்று எழுதுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தப்பாக எழுதுபவர்களில் எச்.எஸ்.சி. என்கிற பன்னிரண்டாவது போர்டு பரீட்சையில் அக்கவுண்ட்ஸில் 90-க்கு மேல் எடுத்தவர்களும் உண்டு.

இது ஏழாவது எட்டாவதில் படித்த சதவீதக் கணக்குதான். இந்தப் பிள்ளைகள் மக்குகள் இல்லை, சோம்பேறிகளும் இல்லை. காலை ஆறு மணிக்கு லோக்கல் ட்ரெயினில் தொங்கிக்கொண்டு காலேஜ் போய், சாயங்காலம் கிளாஸ் என்கிற டியூஷனுக்குப் போய், ராத்திரி வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு படித்தவர்கள். ஆனால் எதைப் படிக்கலாம் என்பதை விட எதை விடலாம் என்பதைத்தான் இவர்களுக்கு அக்கறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மும்பையில் படித்தவர்களுக்குத் தெரியும், "இந்த சாப்டரை ஆப்ஷன்ல விடு" என்பதுதான் கிளாஸ் சார்களின் தாரக மந்திரம். ஐந்தில் மூன்றுக்குப் பதில் எழுதினால் போதும் என்றால், எந்த இரண்டை மூட்டை கட்டலாம் என்று ஆறு மாதம் முன்பே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பரீட்சைக்கு அது சரியான யோசனைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்படி விட்ட பாடங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், காலேஜ் முதல் வருஷமும் முதல் வேலையும் கேட்பது அந்த வரிசையைத்தான். எங்கள் பேட்சில் அதைப் பார்த்தேன், அக்கா மகனிடம் பார்த்தேன், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், நானும் இரண்டு தோழிகளும் 9-லிருந்து 12 வரை படிக்கும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் இடத்திலும் பார்க்கிறேன்.

நான் தாராவியில் வளர்ந்தவள். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தார், அப்பா தோல் பை தைக்கும் காரகானாவில் இருந்தார், வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். ஏழாவது வரை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளி. எங்கள் பள்ளி அத்தோடு முடிந்துவிட்டது, எட்டாவதில் இங்கிலீஷ் மீடியம். அப்புறம் எஸ்.எஸ்.சி. என்கிற பத்தாவது போர்டு பரீட்சை, அப்புறம் மாட்டுங்கா பக்கம் ஒரு ஜூனியர் காலேஜ். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களுக்கு இது புரியவே புரியாது. மகாராஷ்டிராவில் 11, 12 என்பது பெரும்பாலும் ஜூனியர் காலேஜில்தான். "பதினாறு வயசுலயே காலேஜா தாயி?" என்று ஊரில் சித்தப்பா வாயைப் பிளந்தார். பேர்தான் காலேஜ். யூனிஃபார்ம் கிடையாது, வீட்டுப்பாடம் கேட்க ஆள் கிடையாது, லெக்சருக்கு வரவில்லை என்றால் வீட்டுக்குத் தகவல் போகாது, ஆனால் பாடமும் பரீட்சையும் பள்ளிக்கூடத்தினுடையதேதான். காலேஜின் சுதந்திரத்தை இரண்டு வருஷம் முன்னாலேயே கையில் கொடுத்துவிட்டு, அதை வைத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லாமல் விட்ட மாதிரி இருக்கும். வீட்டில் படித்த அண்ணன் அக்கா இருந்தால் சமாளித்துவிடலாம். எங்களைப் போன்ற வீடுகளில் கிளாஸ் சார் சொன்னதுதான் வேதம்.

விடுவது பத்தாவதிலேயே ஆரம்பித்துவிடுகிறது. எஸ்.எஸ்.சி.யில் ஆறு பாடம், 600 மார்க். அதில் அதிகமாக வந்த ஐந்தை மட்டும் எடுத்து 500-க்கு சதவீதம் போடுவதை 'பெஸ்ட் ஆஃப் ஃபைவ்' என்கிறார்கள். பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்கத்தான் கொண்டுவந்தார்கள், நல்ல எண்ணம்தான். நடப்பது என்னவென்றால், டிசம்பர் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பாடத்தை மனதுக்குள் தலைமுழுகிவிடுகிறது, பெரும்பாலும் அது கணக்கு. 35 வந்தால் பாஸ், அதுக்கு மேல் வந்தாலும் சதவீதத்தில் சேராது, பிறகு ஏன் மெனக்கெட வேண்டும்? போன வருஷம் எங்களிடம் வந்த ஒரு பெண் 86 சதவீதம் வாங்கினாள், சால் முழுக்க இனிப்பு கொடுத்தார்கள். கணக்கில் 41. அந்த 41 எங்கேயும் தெரியாது, 86 மட்டும்தான் தெரியும், அவளுக்கே 41 மறந்து போய்விட்டது.

அடுத்தது பதினொன்றில். காமர்ஸ் எடுத்தால் எகனாமிக்ஸ், பி.கே. என்று சொல்லும் புக்-கீப்பிங், ஓ.சி. என்று சொல்லும் ஆர்கனைசேஷன் ஆஃப் காமர்ஸ், இதோடு கணக்கு அல்லது எஸ்.பி. என்கிற செக்ரட்டேரியல் பிராக்டிஸ், இரண்டில் ஒன்று. எங்கள் பேட்சில் எஸ்.பி.க்குத்தான் கூட்டம். எஸ்.பி.யில் கடிதம் எழுதுவதும் தியரியும்தான், மனப்பாடம் செய்தால் மார்க் நிச்சயம். இரண்டாவது மொழிக்குப் பதிலாக ஐ.டி. எடுத்தால் அதிலும் மார்க் அள்ளலாம். ஆக ஒரு பிள்ளை பத்தாவது டிசம்பரில் கணக்கைக் கைவிட்டு, பதினொன்றில் கணக்கையும் ஒரு மொழியையும் சட்டப்படி கைவிட்டு, பன்னிரண்டில் நல்ல சதவீதத்தோடு வெளியே வந்துவிடும்.

வந்த கையோடு எஃப்.ஒய். பி.காம். எங்கள் காலத்தில் மும்பை யுனிவர்சிட்டியின் பி.காம். முதல் வருஷத்தில் மேத்தமேட்டிக்கல் அண்ட் ஸ்டாடிஸ்டிக்கல் டெக்னிக்ஸ் என்று ஒரு பேப்பர் இருந்தது. கணக்கு எடுத்தவர்களுக்கும் எஸ்.பி. எடுத்தவர்களுக்கும் ஒரே வினாத்தாள். ஷேர், மியூச்சுவல் ஃபண்ட், வட்டி, நிகழ்தகவு, புள்ளியியல் எல்லாம் வரும். முதல் செமஸ்டர் ரிசல்ட் ஒட்டிய அன்று எங்கள் கிளாஸில் ஏ.டி.கே.டி. வாங்கியவர்களில் முக்கால்வாசி அந்த ஒரு பேப்பரில்தான். ஏ.டி.கே.டி. என்றால் ஃபெயிலான பேப்பரைச் சுமந்துகொண்டே அடுத்த செமஸ்டருக்குப் போகலாம் என்று அர்த்தம். மும்பைப் பிள்ளைகளுக்கு அது தடுமம் காய்ச்சல் போல சாதாரண விஷயம், ஆனால் வேலைக்கு வரும்போது மார்க்‌ஷீட்டில் அது நிற்கும், கேள்வியும் வரும். இப்போது புதிய கல்விக் கொள்கைப்படி பாடத்திட்டத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், பேப்பர் பேர்கள் மாறும். பேர் மாறினாலும் காமர்ஸில் புள்ளிவிவரம் இல்லாமல் எங்கேயும் ஓட முடியாது. 2024-லிருந்து பி.எம்.எஸ்., பி.பி.ஏ., பி.சி.ஏ. சேர மாநில அளவில் சி.இ.டி. என்று ஒரு நுழைவுத் தேர்வு வேறு வந்துவிட்டது. கணக்கைத் தலைமுழுகிய பிள்ளை அங்கேயும் அதைச் சந்திக்கும்.

இங்கே எனக்கு ஒரு பெரிய மனத்தாங்கல் உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். பதினொன்றாவதை எல்லோரும் 'ரெஸ்ட் இயர்' என்கிறார்கள். பத்தாவதில் படித்த களைப்பு, பன்னிரண்டில் படிக்கப் போகும் களைப்பு, நடுவில் ஓய்வு. போர்டு பரீட்சை கிடையாது, காலேஜே வினாத்தாள் போட்டு காலேஜே திருத்திவிடும். நிறைய கிளாஸ்களில் பதினொன்றாவது பாடத்தை ஒப்புக்கு இரண்டு மாதம் ஓட்டிவிட்டு நேராகப் பன்னிரண்டாவதுக்குத் தாவிவிடுவார்கள். பெற்றோருக்கும் அது பெருமையாக இருக்கும், "இப்பவே ட்வெல்த் போர்ஷன் ஆரம்பிச்சிட்டாங்க" என்று.

புக்-கீப்பிங்கில் இது என்ன செய்கிறது என்று பாருங்கள். பதினொன்றாவது பாடத்தில் என்ன இருக்கிறது? ஜர்னல், லெட்ஜர், டிரயல் பேலன்ஸ், பேங்க் ரீகன்சிலியேஷன், தேய்மானம், பிழை திருத்தம், ஒற்றை வியாபாரியின் இறுதிக் கணக்கு. பன்னிரண்டில் பங்குதாரர் வருவது, போவது, இறப்பது, கூட்டு வியாபாரத்தைக் கலைப்பது, கம்பெனிப் பங்கு வெளியீடு. போர்டு பரீட்சைக்கு இரண்டாவதுதான் முக்கியம். எங்கள் ஆபீஸில் ஒரு புதுப் பிள்ளை முதல் நாள் காலை பத்து மணிக்கு என்ன செய்யும் தெரியுமா? பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் நம் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும். பேங்க் ரீகன்சிலியேஷன், அதேதான். நாம் கொடுத்த செக்கை அவர்கள் இன்னும் போடவில்லை, பேங்க் சார்ஜ் பிடித்ததை நாம் எழுதவில்லை, யாரோ பணம் அனுப்பியிருக்கிறார்கள், யார் என்று தெரியவில்லை. ஒரு பார்ட்டிக்கு ஒரு லட்சத்துக்கு பில் போட்டு 18,000 ஜிஎஸ்டி சேர்த்து 1,18,000 வர வேண்டும், வந்திருப்பது 1,16,000. புதுப் பிள்ளை உடனே "மேடம், ரெண்டாயிரம் கம்மியா அனுப்பிட்டாங்க" என்று ஓடி வரும். அவர்கள் ஒரு லட்சத்துக்கு 2 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது நம் பேரில் வருமான வரிக்கு முன்கூட்டியே கழிக்கும் தொகை, பிடித்திருக்கிறார்கள், அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான் வேலையே. இங்கே தேவைப்படுவது ஜர்னல் என்ட்ரி, பதினொன்றாவது ஜூலையில் நடத்திய பாடம். பங்குதாரர் இறந்த கணக்கு என் வேலையில் இதுவரை வந்ததே இல்லை, யாரும் இறக்க வேண்டாம்.

அதனால் எங்களிடம் வரும் காமர்ஸ் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் செய்யச் சொல்வது பதினொன்றாவது புக்-கீப்பிங் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போடாமல் வைத்திருப்பது. அப்புறம் ஒரு நிஜக் கணக்கு. தெரிந்த கடை ஒன்றைப் பிடித்து, டீக்கடையோ மாவுக்கடையோ, அண்ணாச்சியிடம் கெஞ்சி, ஒரு மாதத்து வரவு செலவை எழுதி லெட்ஜர் போட்டுக் காட்ட வேண்டும். ஒரு பையன் 90 அடி ரோட்டில் இட்லி மாவு விற்கும் அக்காவின் கணக்கை எழுதினான். அரிசிக்கும் உளுந்துக்கும் கடன், கிரைண்டர் வாங்கிய தவணை, வீட்டுச் செலவுக்கு கல்லாவிலிருந்து எடுத்த பணம், எல்லாம் ஒரே டப்பாவில். கல்லாவிலிருந்து எடுத்ததை 'டிராயிங்ஸ்' என்று எழுத வேண்டும் என்று அவன் புத்தகத்தில் ஆயிரம் தடவை படித்திருக்கிறான், அந்த அக்கா மகனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட கல்லாவைத் திறந்தபோதுதான் அது எதற்கு என்று புரிந்தது என்றான். அந்த அக்காவுக்கும் லாபம் எங்கே போகிறது என்று முதல் தடவையாகத் தெரிந்தது, அது வேறு கதை.

எச்.எஸ்.சி.யில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். காமர்ஸ் பாடங்களில் 80 மார்க் எழுத்து, 20 மார்க் ப்ராஜெக்ட், வாய்மொழி. அந்த 20 இப்படிப்பட்ட வேலைக்குத்தான். நடப்பதோ சீனியர் எழுதிய ப்ராஜெக்ட்டை அட்டை மாற்றிக் காப்பி அடித்து, வாய்மொழியில் பேர் மட்டும் சொல்லிவிட்டு 18, 19 வாங்கிக்கொண்டு வருவது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அந்நியர் முன்னால் உட்கார்ந்து நம் வேலையைப் பற்றி நாமே பேசக் கிடைக்கும் வாய்ப்பு அது. அதையும் விட்டுவிட்டால் அடுத்த வாய்ப்பு இன்டர்வியூவில்தான், அங்கே 18 மார்க் யாரும் இலவசமாகத் தர மாட்டோம்.

சயின்ஸ் எடுத்த பிள்ளைகளுக்கு இந்த ரெஸ்ட் இயர் இன்னும் நேரடியாக அடிக்கிறது. இன்ஜினியரிங் சேர மாநிலம் வைக்கும் எம்.எச்.டி. சி.இ.டி.யில் சுமார் 20 சதவீதக் கேள்விகள் பதினொன்றாவதிலிருந்து, மீதி பன்னிரண்டிலிருந்து. தப்புக்கு மார்க் கழிப்பது இல்லை, அதனால் எல்லாவற்றுக்கும் பதில் போட்டுவிட வேண்டும், இதைக்கூடத் தெரியாமல் காலியாக விட்டுவிட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஜே.இ.இ. என்றால் இரண்டு வருஷப் பாடமும் கலந்துதான் வரும். பதினொன்றாவது ஃபிசிக்ஸ் தெரியாமல் பன்னிரண்டாவதைப் புரிந்துகொள்ளவும் முடியாது. கிளாஸில் சேர்க்கும்போது அம்மா அப்பா கேட்க வேண்டியது ஃபீஸ் தவணை மட்டும் இல்லை, பதினொன்றாவது பாடத்தை எத்தனை மாதம் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

அக்கா மகன் வேறு வழியில் போனான். பத்தாவதில் 78 சதவீதம். பதினொன்று, பன்னிரண்டு வேண்டாம் என்று நேராக பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா, மூன்று வருஷம். அக்காவுக்கு முதலில் வருத்தம், "பன்னெண்டு கூட முடிக்கலைன்னு ஊர்ல கேப்பாங்களே" என்று. கேட்டார்கள்தான். ஆனால் ஒரே வருஷத்தில் அவனிடம் வந்த மாற்றத்தைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். டிராயிங் ஷீட், வொர்க்‌ஷாப் ஜாப், வாரா வாரம் சப்மிஷன், கையெழுத்து வாங்க சார் பின்னால் ஓடுவது, அவர் திருப்பி எறிந்ததை ராத்திரி உட்கார்ந்து மறுபடி வரைவது. தேதிக்குள் ஒரு வேலையை முடித்து இன்னொருவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குவது என்பதை ஜூனியர் காலேஜ் பிள்ளைகள் இருபத்தொரு வயதில் ஆபீஸில் கற்றுக்கொள்கிறார்கள், அவன் பதினாறில் கற்றுக்கொண்டான். டிப்ளமா முடித்தால் டிகிரி இன்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம், சேர்ந்தான். அங்கே காத்திருந்தது எம்-3, அதாவது மூன்றாவது செமஸ்டர் கணக்கு. பன்னிரண்டு முடித்து வந்தவர்கள் எம்-1, எம்-2 படித்துவிட்டு அங்கே வருவார்கள், டிப்ளமா பிள்ளைகள் அந்த இரண்டையும் தாண்டிக் குதித்து வருவார்கள். லாப்லாஸ், ஃபோரியர் என்று ஆரம்பித்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இரண்டாம் முயற்சியில்தான் தேறினான். டிப்ளமா வழி மோசம் என்று சொல்லவில்லை, எங்கள் மாதிரி வீடுகளுக்கு அது பல விதத்தில் நல்ல வழி என்பதுதான் என் கட்சி. டிப்ளமா கடைசி வருஷ விடுமுறையில் எம்-1, எம்-2 புத்தகத்தைக் கடன் வாங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்று, இதை நம் ஜனங்கள் ஏனோ கவனிப்பதில்லை. மசகான் டாக் கப்பல் கட்டும் தளத்தில் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள், எட்டாவது, பத்தாவது, ஐ.டி.ஐ. என்று மூன்று பிரிவாக, தேர்வு வைத்து. அந்தத் தேர்விலும் கணக்கு வரும், பொது அறிவு வரும். பத்தாவதில் கணக்கைத் தலைமுழுகாதவர்களுக்கு அங்கே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

சரி, மார்க்கில் சேராத பெரிய பாடம் ஒன்று பாக்கி இருக்கிறது. காகிதம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இருக்காது.

முதலில் பேர். மகாராஷ்டிராவில் எந்தப் படிவமும் குடும்பப் பேர், சொந்தப் பேர், அப்பா பேர் என்று மூன்று கட்டம் வைத்திருக்கும். நமக்கு ஏது குடும்பப் பேர்? முருகேசன் மகள் செல்வி. பள்ளியில் சேர்க்கும்போது எழுதுபவர் விடமாட்டார், தாத்தா சுடலைமுத்துவைக் குடும்பப் பேராக்கி 'சுடலைமுத்து செல்வி முருகேசன்' என்று எழுதிவிடுவார். ஆதாரில் 'செல்வி எம்'. பேங்கில் 'செல்வி முருகேசன்'. தம்பியைச் சேர்க்கும்போது வேறொருவர் எழுத, அவனுக்கு முருகேசனே குடும்பப் பேராகிவிட்டிருக்கும், ஒரே வீட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் வேறு குடும்பம். ஸ்காலர்ஷிப்புக்குப் போடும்போது ஒன்றோடு ஒன்று ஒட்டாது. ஒன்பதாவதிலேயே உட்கார்ந்து பள்ளிப் பதிவேடு, ஆதார், பிறப்புச் சான்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்தாவது போர்டு படிவம் போவதற்கு முன்னால் என்றால் பள்ளியிலேயே திருத்திவிடலாம், மார்க்‌ஷீட்டும் எல்.சி. என்கிற பள்ளி விடுப்புச் சான்றும் கைக்கு வந்த பிறகு திருத்துவது பெரும் பாடு.

அடுத்தது சாதிச் சான்று. மகாராஷ்டிராவின் எஸ்.சி. ஒதுக்கீட்டில் இடம் வேண்டுமென்றால் குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஓ.பி.சி.க்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. அதற்குப் பிறகு வந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே படித்திருந்தாலும் மாநில ஒதுக்கீட்டில் ஓப்பன், அதாவது பொதுப் பிரிவுதான். தாராவியில் எத்தனை வீட்டில் தாத்தா எந்த வருஷம் வந்தார் என்று தெரியும்? "நேரு காலத்துல வந்தாரு" என்பார்கள். நேரு காலம் 1964 வரை நீண்டது, அதை எந்த ஆபீஸில் ஒத்துக்கொள்வார்கள்? எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் சி.இ.டி.யில் நல்ல மார்க் எடுத்தான், தாத்தா வந்தது 1948 என்று வீட்டில் எல்லோரும் சத்தியம் செய்தார்கள், கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பிறகு அவன் பெரியப்பா படித்த பழைய மாநகராட்சிப் பள்ளியின் பதிவேட்டில் 1949-ல் சேர்ந்ததாக ஒரு வரி, சாதியோடு, கிடைத்தது. அதற்குள் அந்த வருஷ அட்மிஷன் முடிந்து, ஓப்பனில் கிடைத்த தனியார் காலேஜில் முழு ஃபீஸ் கட்டிச் சேர்ந்திருந்தான். ஆதாரம் கிடைத்தாலும் சான்றிதழ் ஒரு இடம், அதைச் சரிபார்க்கும் வேலிடிட்டி இன்னொரு இடம், கமிட்டி. இன்ஜினியரிங், மருத்துவத்துக்கு வேலிடிட்டி இல்லாமல் ஒதுக்கீட்டு இடம் நிற்காது. சயின்ஸ் எடுத்த பிள்ளைகள் பதினொன்றிலேயே காலேஜ் மூலமாக விண்ணப்பித்துவிட வேண்டும். ரெஸ்ட் இயரில் செய்ய வேண்டிய உருப்படியான வேலை இதுதான்.

டொமிசைல் என்கிற இருப்பிடச் சான்றுக்கு 15 வருஷம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், வருமானச் சான்றுக்குத் தாசில்தார். இந்தச் சான்றுகளுக்கு விண்ணப்பிக்கும் அரசு சேவை மையமான சேது கேந்திராவில் வரிசையில் நிற்கும்போது இன்னொன்று தெரியவரும். பத்தாவது வரை மராத்தி படித்து 70, 80 மார்க் எடுத்த பிள்ளையால் அந்தப் படிவத்தைப் படிக்க முடிவதில்லை, கவுண்டரில் இருப்பவரிடம் "சாஹேப், இந்தக் கட்டத்தில் என்ன எழுதணும்" என்று மராத்தியில் கேட்க வாய் வருவதில்லை. பரீட்சைக்குக் கட்டுரை மனப்பாடம் செய்ததுதான் மராத்தி. ஏஜென்ட் பக்கத்திலேயே நிற்பார், 500, 1,000 என்று வாங்கிக்கொண்டு நிரப்பித் தருவார். இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளில் ஒன்பதாவது படிப்பவர்களை வீட்டுப் பெரியவர்களோடு சேது கேந்திராவுக்குத் துணைக்கு அனுப்புகிறோம். பேசுவது பிள்ளைதான் என்று கண்டிஷன். முதல் தடவை திணறுவார்கள், இரண்டாம் தடவை அதட்டிப் பேசவே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

இதைச் சொல்லும்போது என் ஏழாம் வகுப்புத் தமிழ் டீச்சரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடிதம் எழுதும் பாடம் வந்தபோது, புத்தகத்தில் இருந்த மாதிரிக் கடிதத்தை மூடச் சொல்லிவிட்டு, எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் மாறியதைப் பற்றி வார்டு ஆபீஸுக்கு எழுதச் சொன்னார். எந்தத் தேதியிலிருந்து, எத்தனை வீடு, எத்தனை மணிக்கு வருகிறது, உங்களுக்கு என்ன வேண்டும், இந்த நான்கும் இல்லாத கடிதத்தைக் கிழித்துவிடுவேன் என்றார், கிழிக்கவும் செய்தார். அந்தக் கேள்வி பரீட்சையில் வரவில்லை. இன்றைக்கு நான் ஷிப்பிங் லைனுக்கு டெபாசிட் திரும்பக் கேட்டு இங்கிலீஷில் மெயில் எழுதும்போதும் அந்த நான்கைத்தான் எழுதுகிறேன், எந்தத் தேதி, எத்தனை கன்டெய்னர், எவ்வளவு தொகை, என்ன வேண்டும். எஸ்.பி.யில் நூற்றுக்கு எண்பது எடுத்து வணிகக் கடிதத்தைக் கரைத்துக் குடித்த பிள்ளைகள் எழுதும் மெயிலில் 'வித் ரெஃபரன்ஸ் டு தி அபவ்' எல்லாம் இருக்கும், கேட்க வந்த தொகை இருக்காது. தமிழ் மீடியத்தில் படித்ததால் காலேஜில் முதல் ஆறு மாதம் நான் வாயே திறக்கவில்லை, அது உண்மை, அந்தக் கஷ்டத்தை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொல்ல வேண்டியது என்ன என்று தெரிந்தவர்களுக்கு இங்கிலீஷ் ஒரு வருஷத்தில் வந்துவிடுகிறது. சொல்ல வேண்டியது எது என்றே தெரியாமல் இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர்களோடுதான் எனக்கு ஆபீஸில் ரோதனை.

கணக்கில் 41 எடுத்த அந்தப் பெண் இந்த வருஷம் பதினொன்றில் காமர்ஸ் சேர்ந்திருக்கிறாள். கணக்கா எஸ்.பி.யா என்று வந்தபோது, கிளாஸ் சார் வழக்கம்போல எஸ்.பி. என்றார், அவளுடைய அம்மா என்னிடம் வந்து, "நீ சொல்லு தாயி, மார்க் குறைஞ்சிட்டா என்ன பண்றது?" என்றார். குறையலாம், நான் அதை மறைக்கவில்லை. கணக்கு எடுத்தால் எச்.எஸ்.சி. சதவீதம் நாலைந்து கீழே இறங்கலாம், பெரிய பேர் உள்ள காலேஜ் ஒன்று கை நழுவலாம். அதற்குப் பதிலாக எஃப்.ஒய்.யில் ஏ.டி.கே.டி. இல்லாமல் போகலாம், சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுத நினைத்தால் அங்கே இருக்கும் கணக்குப் பேப்பர் மிரட்டாது. இரண்டையும் சொன்னேன், முடிவு அவளுடையது என்றேன். அவள் கணக்கு எடுத்திருக்கிறாள், முதல் யூனிட் டெஸ்ட்டில் 25-க்கு 11. இப்போது ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து ஏழாவது புத்தகத்தின் சதவீதக் கணக்கிலிருந்து ஆரம்பித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தீபாவளிக்குள் மடக்கை, அதாவது லாகரிதம், வரை வந்துவிட வேண்டும் என்று திட்டம், மடக்கைக்கு எங்களுக்கே ஆள் தேவை. சயான், மாட்டுங்கா, தாராவி பக்கம் இருப்பவர்கள், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் வாருங்கள். டீ எங்கள் செலவு.